கத்தியைக் கீழே வைத்த கைகளுக்கு நாம் பட்ட கடன்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எம்மவர் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி எழுந்தது. சத்திரசிகிச்சை நிபுணராக வரவேண்டுமென்று இரவுபகலாகப் படித்து, பிரித்தானிய வைத்தியசாலையொன்றில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மகனையோ மகளையோ நிர்வாகம் அழைத்து, நாளை முதல் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வரவேண்டாம், கொரோனா நோயாளர் விடுதிக்குச் செல்லுங்கள் என்று சொல்லிவிட்டது. "ஒப்பரேசன் செய்யப் படிச்ச பிள்ளையைக் கொண்டுபோய்க் காய்ச்சல் வாட்டிலை விட்டிருக்கிறாங்கள்" என்று தாய்மார் உறவினரிடம் தொலைபேசியில் கண்ணீர் வடித்தனர். அக்கண்ணீரில் பிள்ளையின் உயிரைப் பற்றிய அச்சம் இருந்தது. பிள்ளை ஒரு படி கீழே இறக்கப்பட்டுவிட்டதே என்ற மனத்தாங்கலும் சிறிது இருந்தது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

அந்நாட்கள் கடந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு வாசல்களில் நின்று கைதட்டியதை இந்நாட்டு மக்கள் ஏறத்தாழ மறந்துவிட்டனர். ஆயினும், அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தாம் பழகாத பணிக்குச் சென்ற இளம் வைத்தியர்களுக்கு இந்நாடும், இந்நாட்டில் அடைக்கலம் பெற்று வாழும் நாமும் பட்ட கடன் இன்னும் முழுமையாகத் தீர்க்கப்படவில்லை. பாராட்டுரைகளாலும் பதக்கங்களாலும் அதனைத் தீர்த்துவிட முடியாது. அவர்கள் கொடுத்தது தமது பயிற்சிக் காலத்தை. அதனைப் பயிற்சியாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது எமது கருத்து.

முதலில் நடந்தது என்ன என்பதை நினைவுபடுத்திக் கொள்வோம். 2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 நோயை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. அதே நாளில் பிரித்தானியாவின் தலைமை மருத்துவ அதிகாரிகளும் பொது மருத்துவ சபை முதலிய அமைப்புகளும் வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதி, வழமையான துறைக்கு வெளியேயும் பழக்கமற்ற சூழ்நிலையிலும் பணியாற்ற நேரிடலாம் என்று அறிவுறுத்தினர். மார்ச் 17ஆம் திகதி இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் அனைத்தையும் ஏப்ரல் 15ஆம் திகதிக்குள் நிறுத்தி, குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒத்திவைக்குமாறு வைத்தியசாலைகளுக்குப் பணித்தது. 30,000 கட்டில்களை விடுவிப்பதே அப்பணிப்பின் நோக்கமாகும். முழங்கால் மூட்டு மாற்றம், குடலிறக்கம், பித்தப்பைக் கல், கண்புரை ஆகியவற்றுக்காகத் திகதி பெற்றுக் காத்திருந்தோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். சத்திரசிகிச்சைக் கூடங்கள் பலவற்றில் செயற்கைச் சுவாச இயந்திரங்கள் பொருத்தப்பட்டு, அவை தீவிர சிகிச்சை அறைகளாக மாற்றப்பட்டன. அக்கூடங்களில் தொழில் பயின்ற இளம் வைத்தியர்கள் வேறு பிரிவுகளுக்கு மாற்றப்பட்டனர்.

இப்பயிற்சி வைத்தியர்கள் யார் என்பதையும் எமது வாசகர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். அவர்கள் மாணவர்கள் அல்லர். பல்கலைக்கழகத்தில் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்றவர்கள். அதன் பின்னர் இரண்டு ஆண்டுகள் அடிப்படைப் பயிற்சி, இரண்டு ஆண்டுகள் சத்திரசிகிச்சையின் முதல்நிலைப் பயிற்சி, அதற்கும் மேலாகத் தெரிவுசெய்த துறையில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் என்று அவர்களின் பாதை நீள்கிறது. செய்த ஒவ்வொரு சத்திரசிகிச்சையையும் பதிவேட்டில் குறித்துவர வேண்டும். பொதுச் சத்திரசிகிச்சைத் துறையில் பயிற்சியை முடிப்பதற்கு அக்காலத்தில் வழிகாட்டியாக இருந்த எண்ணிக்கை 1,600 ஆகும். தச்சனின் கை உளியோடு பழகுவதுபோல் சத்திரசிகிச்சையாளரின் கை கத்தியோடு பழகியே ஆகவேண்டும். புத்தகத்தைப் படித்து அதனைப் பெற இயலாது. கூடத்தில் நில்லாத ஒவ்வொரு நாளும் அந்தக் கை ஒரு நாள் பின்தங்குகிறது.

அந்தக் கைகள் 2020இல் என்ன செய்தன? தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுவிட முடியாது கிடந்த நோயாளரைக் குப்புறப் படுக்கவைப்பதற்கென்று குழுக்கள் அமைக்கப்பட்டன. மயக்கநிலையில், வாயில் சுவாசக் குழாயும் உடலெங்கும் ஊசி வழிகளும் பொருத்தப்பட்ட ஒருவரைப் புரட்டிப் படுக்கவைப்பது எளிதன்று. மயக்கமருந்து வைத்தியர் தலைப்பக்கம் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ண, ஏனையோர் இருபுறமும் நின்று ஒரே வேளையில் புரட்டுவர். நாளொன்றில் ஏறத்தாழப் பதினாறு மணித்தியாலம் அவ்வாறு கிடத்திப் பின் மீண்டும் நிமிர்த்துவர். எலும்பு முறிவுத் துறையிலும் ஏனைய சத்திரசிகிச்சைத் துறைகளிலும் பயின்றோர் பலர் இக்குழுக்களில் சேர்க்கப்பட்டனர். வேறு சிலர் பொது மருத்துவ விடுதிகளில் ஒட்சிசன் அளவைப் பார்த்து மருந்தெழுதினர். இன்னும் சிலர் தாதியருக்கு உதவியாளராயினர். வழமையாகத் தீவிர சிகிச்சையில் ஒரு நோயாளிக்கு ஒரு தாதி என்றிருந்த ஒழுங்கு அன்று தளர்த்தப்பட்டு, தேர்ந்த தாதி ஒருவர் பிறரின் துணையோடு ஆறு பேர்வரை கவனிக்கலாம் என்றாயிற்று. அந்தப் 'பிறர்' என்ற சொல்லுக்குள் இவர்களும் இருந்தனர்.

பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படாத அக்காலத்தில் குடும்பத்தாருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லும் பணியும் பலவேளைகளில் இவர்கள் தலையிலேயே விழுந்தது. நல்ல செய்தி சிலருக்கே கிடைத்தது. ஆங்கிலம் அறியாத எமது முதியவர் ஒருவரின் கட்டிலருகே, முகக்கவசத்துக்குப் பின்னால் இருந்து "பயப்பிடாதேங்கோ ஐயா, நான் பக்கத்திலைதான் நிக்கிறன்" என்று தமிழில் ஒரு குரல் கேட்டால் அது எத்தகைய ஆறுதல் என்பதை அந்நிலையைக் கடந்த குடும்பங்கள் அறியும். அக்குரலுக்குரியவர் எந்தத் துறையைச் சேர்ந்தவர் என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இவ்விடத்தில் ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். இலண்டனின் கிழக்கே எக்செல் கண்காட்சி மண்டபத்தில் ஒன்பது நாட்களில் ஒரு வைத்தியசாலை எழுப்பப்பட்டது. நைற்றிங்கேல் எனப் பெயரிடப்பட்ட அது 2020 ஏப்ரல் 3ஆம் திகதி திறக்கப்பட்டது. 4,000 கட்டில்கள்வரை விரிவாக்கலாம் என்று சொல்லப்பட்டது. ஆனால் முதலாவது அலையில் அங்கு சிகிச்சை பெற்றோர் 54 பேர் மாத்திரமே. கட்டில்களையும் இயந்திரங்களையும் ஒன்பது நாட்களில் அடுக்கிவிடலாம். அவற்றின் அருகே நிற்கக்கூடிய தேர்ந்த கைகளை ஒன்பது நாட்களில் உருவாக்க முடியாது. பெருந்தொற்றின் பாரத்தை உண்மையில் சுமந்தவை பழைய வைத்தியசாலைகளே. அவை சுமக்க முடிந்ததற்கு, துறைவிட்டுத் துறை சென்ற பணியாளர்களும் ஒரு முக்கிய காரணம்.

இப்பணி ஆபத்தில்லாததும் அன்று. சூடானில் பிறந்து பிரித்தானியாவில் பணியாற்றிய உறுப்புமாற்றுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஆதில் எல் தயார், தமது துறையை விட்டு அவசர சிகிச்சைப் பிரிவொன்றில் முன்வந்து பணியாற்றிய வேளையில் நோய் தொற்றியிருக்க வேண்டும் என அவரது குடும்பத்தார் கூறினர். 2020 மார்ச் 25ஆம் திகதி அவர் உயிரிழந்தார். அவர் பயிற்சியாளர் அல்லர், அனுபவம் மிக்க மூத்தவர். நோய் அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. இந்நாட்டில் கொரோனாவால் இறந்தவர்களாக முதலில் பெயர் அறிவிக்கப்பட்ட பத்து வைத்தியர்களும் சிறுபான்மை இனங்களைச் சேர்ந்தவர்கள். எம் பெற்றோரின் அச்சம் வெறும் மனப்பிரமை அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அவ்வாறாயின் இவர்களை இடம் மாற்றியது தவறா? தவறன்று என்பதே எமது விடை. வீடு எரியும்போது தச்சனும் கொத்தனும் தத்தம் கருவிகளைப் போட்டுவிட்டு நீர்க்குடம் தூக்கத்தான் வேண்டும். சத்திரசிகிச்சைக் கூடம் மூடிக் கிடக்க, பக்கத்து விடுதியில் மனிதர் மூச்சுக்குத் தவிக்கும்போது, 'இது எனது துறையன்று' என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். அன்றைய நிலையில் சத்திரசிகிச்சைகளைத் தொடர்வதும் நோயாளருக்கு ஆபத்தாகவே இருந்தது. 24 நாடுகளில் சத்திரசிகிச்சையோடு கொரோனா தொற்றும் கண்ட 1,128 நோயாளரை ஆராய்ந்து 2020 மே மாதம் 'லான்செற்' இதழில் வெளியான ஆய்வில், அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முப்பது நாட்களுக்குள் இறந்தமை தெரியவந்தது. ஆகவே கத்தியைக் கீழே வைத்தது சரியே. அதற்குரிய விலையை யார் செலுத்தினார்கள் என்பதே எமது கேள்வி.

விலை சிறிதன்று. கொள்ளைநோய் உச்சத்திலிருந்த பன்னிரண்டு வாரங்களில் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் சத்திரசிகிச்சைகள் இரத்தாகும் அல்லது ஒத்திவைக்கப்படும் என்று 2020இல் ஆய்வாளர்கள் கணித்தனர். அவை நோயாளர் இழந்த சிகிச்சைகள். பயிற்சி வைத்தியர் இழந்த பாடங்களும் அவைதாம். அவ்வாண்டு வசந்தகாலத்தில் நடைபெறவிருந்த சத்திரசிகிச்சைத் தேர்வுகளும் நிறுத்தப்பட்டன. முதலாவது அலை தணிந்து கூடங்கள் மெல்லத் திறக்கத் தொடங்கிய சில மாதங்களில் இரண்டாவது அலை வந்தது. 2021 சனவரி நடுப்பகுதியில் பிரித்தானிய வைத்தியசாலைகளில் ஏறத்தாழ 39,000 கொரோனா நோயாளர் இருந்தனர். முதலாவது அலையின் உச்சத்தைவிட இது மிக அதிகம். பலர் மீண்டும் இடம் மாற்றப்பட்டனர்.

பயிற்சியாளரின் முன்னேற்றத்தை ஆண்டுதோறும் மதிப்பிடும் குழுக்கள் 2020இல் ஒரு புதிய முடிவு வகையை ஏற்படுத்தின. 'பத்தாம் இலக்க முடிவு' என்பது அதன் பெயர். பயிற்சியாளரின் பின்னடைவு அவரது குறையால் ஏற்பட்டதன்று, பெருந்தொற்றால் ஏற்பட்டது என்பதே அதன் பொருள். சிலரை அடுத்த கட்டத்துக்குச் செல்ல அனுமதித்தனர். சிலருக்கு மேலதிக காலம் தேவையெனக் குறித்தனர். நியாயமான ஏற்பாடு என்றே சொல்லவேண்டும். ஆயினும் ஓர் இலக்கம் கைக்குத் தொழிலைக் கற்பித்துவிடாது. குற்றம் உன்னுடையதன்று என்று எழுதிக் கொடுப்பது ஒன்று. இழந்ததை மீட்டுக் கொடுப்பது வேறொன்று.

எம்மவரில் சிலர் இதற்கு ஒரு பதில் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். 'எங்கள் ஊரில் வைத்தியர்கள் எந்தத் துறையென்று பார்த்தா வேலை செய்தார்கள்? மின்சாரமில்லாமல், மருந்தில்லாமல், குண்டுவீச்சுக்கு நடுவே எல்லாவற்றையும் செய்தார்களே! இங்கே ஆறு மாதம் வாட்டு மாறியதற்கு இவ்வளவு பேச்சா?' என்பது அவர்கள் கேள்வி. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் வன்னியில் எஞ்சியிருந்த ஒருசில வைத்தியர்கள் பாடசாலைக் கட்டடங்களில் ஆற்றிய பணியை அறிந்தவர் எவரும் அக்கேள்வியின் பின்னுள்ள வேதனையை உணர்வர். எனினும் அதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் வேறு. அங்கே எதை யார் இழந்தார் என்று கணக்கெடுப்பதற்கு ஒரு நிர்வாகம் இருக்கவில்லை. கேட்பதற்கு ஒரு வாசலும் இருக்கவில்லை. இங்கே பதிவேடு இருக்கிறது, கணக்கு இருக்கிறது, கேட்கும் உரிமையும் இருக்கிறது. கணக்கெடுக்க முடிந்த இடத்தில் கணக்கெடுக்காமல் விடுவதைத் தியாகத்தின் பெயரால் நியாயப்படுத்தக் கூடாது.

இப்பொழுது அரசின் பக்கக் கடனைப் பார்ப்போம். 2020 பெப்ரவரியில் இங்கிலாந்தில் வைத்தியசாலைச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலில் ஏறத்தாழ 45 இலட்சம் பதிவுகள் இருந்தன. 2023 செப்டெம்பரில் அது 77 இலட்சத்தைத் தாண்டியது. ஓராண்டுக்கு மேல் காத்திருந்தோர் 2020 பெப்ரவரியில் 1,600 அளவில் இருந்து, 2021 மார்ச்சில் 4 இலட்சத்து 36 ஆயிரமாக உயர்ந்தனர். இப்பட்டியலைக் குறைக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு தவறு நிகழ்கிறது. வேகமாக முடிக்க வேண்டுமாயின் பழகிய கையே செய்யட்டும், பயிற்சி வைத்தியர் பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்ற எண்ணம் எழுகிறது. இன்றைய பட்டியலைக் குறைப்பதற்காக நாளைய சத்திரசிகிச்சையாளரை உருவாக்காமல் விட்டால், பத்தாண்டுகளின் பின் அதே பட்டியல் மீண்டும் எம் முன்னே நிற்கும். அன்று அதில் இருக்கப்போகும் பெயர்கள் எமது தலைமுறையின் பெயர்களே.

தனியார் வைத்தியசாலைகளின் விடயமும் இதனோடு தொடர்புடையது. 2020 மார்ச்சில் அரசு தனியார் வைத்தியசாலைகளோடு உடன்பாடு செய்து 8,000 கட்டில்களைப் பெற்றது. அரசின் செலவில் சத்திரசிகிச்சைகள் அங்கு செல்லத் தொடங்கின. பயிற்சியாளர் தொடக்கத்தில் பெரும்பாலும் அங்கு செல்லவில்லை. அவர்களும் அங்கு பயிலலாம் என்ற உடன்பாடு அவ்வாண்டு செப்டெம்பரிலேயே ஏற்பட்டது. கண்புரைச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். கண் சத்திரசிகிச்சையில் பயிற்சி முடிக்கப் பல்லாண்டுகளாக 350 கண்புரைச் சத்திரசிகிச்சைகள் தேவைப்பட்டு வந்தன. 2023 அளவில் இங்கிலாந்தில் அரசின் செலவில் செய்யப்பட்ட கண்புரைச் சிகிச்சைகளில் பாதிக்கு மேற்பட்டவை தனியார் நிலையங்களில் நடந்தன. எளிய சிகிச்சைகள் அங்கு செல்ல, கடினமானவை பொது வைத்தியசாலையில் எஞ்சுகின்றன. தொடக்க நிலையில் இருப்பவர் எதில் கை பழகுவது? வரி செலுத்துவோரின் பணம் எங்கு செல்கிறதோ, அங்கு பயிற்சியாளருக்கும் இடம் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்க வேண்டும். மேலதிக பயிற்சிக் காலம் தேவைப்பட்டவருக்கு அது எதிர்காலத் தெரிவுகளில் ஒரு குறையாகக் கொள்ளப்படக் கூடாது. அடுத்த பெருந்தொற்று வருமுன், யார் எங்கு மாற்றப்படுவார், யாரின் மேற்பார்வையில், எந்தப் பாதுகாப்பு அங்கியோடு, எத்தனை வாரங்களுக்கு, திரும்பி வந்ததும் இழந்தது எவ்வாறு ஈடுசெய்யப்படும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

அரசிடம் கேட்பது எளிது. எமது பங்கைப் பேசுவது சற்றுக் கசப்பானது. ஆயினும் பேசியாக வேண்டும்.

எமது குடும்பங்களில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை என்றால் நாம் முதலில் கேட்பது என்ன? 'பெரிய டொக்டர்தானே வெட்டுவார்? படிக்கிற பிள்ளைகளை விடமாட்டீர்கள்தானே?' என்பதுதான். மறுக்கும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு. அதனை எவரும் பறிக்க முடியாது. எமது மக்களின் அச்சத்துக்கு வரலாறும் உண்டு. ஆனால் உண்மையை அறிந்து முடிவெடுக்க வேண்டும். பயிற்சியாளர் தனியே விடப்படுவதில்லை. அவரது நிலைக்கு ஏற்ப நிபுணர் அருகில் நின்றோ, அழைத்தவுடன் வரக்கூடிய தொலைவில் இருந்தோ மேற்பார்வை செய்கிறார். பொறுப்பும் நிபுணருடையதே. முறையான மேற்பார்வையுடன் பயிற்சியாளர் செய்யும் வழமையான சத்திரசிகிச்சைகளின் பெறுபேறுகள் நிபுணர் செய்பவற்றிலிருந்து பெரிதும் வேறுபடுவதில்லை என்பது பல ஆய்வுகளின் முடிவு. சற்று அதிக நேரம் எடுக்கும், அவ்வளவே. எமது பிள்ளை கத்தி பிடிக்கப் பழகுவதற்கு அயலவர் ஒருவரின் உடல் வேண்டும் என்று எதிர்பார்த்துவிட்டு, அயலவரின் பிள்ளைக்கு எமது உடலைத் தரமாட்டோம் என்பது எவ்வகையில் நியாயம்?

பெற்றோர்க்கு இன்னொரு வார்த்தை. நாம் இந்நாட்டுக்கு வந்தபோது ஆசிரியராயிருந்தவர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பொறியியலாளர் எரிபொருள் நிலையத்தில் இரவுப்பணி செய்தார். ஊரில் வைத்தியராயிருந்தோர் சிலர் இந்நாட்டின் தேர்வுகளை எழுதி முடிக்கும்வரை முதியோர் இல்லங்களில் பராமரிப்பாளராக உழைத்தனர். தமக்குரியதல்லாத வேலையைச் செய்ததால் அவர்கள் எவரும் சிறுமையடையவில்லை. அந்தப் பெற்றோரின் பிள்ளைகள்தான் காய்ச்சல் விடுதிக்கு அனுப்பப்பட்டபோது மறுக்காமல் சென்றனர். அதனை இழிவாக எண்ணி, உறவினரிடம் மறைத்துப் பேசிய பெற்றோர் இனியேனும் தலைநிமிர்ந்து சொல்லட்டும். அதே வேளை, பயிற்சி முடிய ஓராண்டோ ஈராண்டோ கூடுதலாகும் பிள்ளையிடம் 'மற்றவர்களெல்லாம் நிபுணராகிவிட்டார்களே, நீ எப்பொழுது?' என்று நச்சரிப்பதை நிறுத்துவோம். அந்த ஓராண்டு எங்கே போயிற்று என்பதை நாம் அறிவோம்.

அன்று 'இளநிலை வைத்தியர்' எனப்பட்டோர் 2024 செப்டெம்பர் முதல் 'வதிவிட வைத்தியர்' என அழைக்கப்படுகின்றனர். பெயர் மாறியது நன்று. ஆனால் அவர்கள் கேட்பது பெயரை மாத்திரமன்று, கூடத்தில் நிற்பதற்கு இடமும் காலமுமே. அரசு அதனை ஒப்பந்தங்களிலும் அட்டவணைகளிலும் கொடுக்கட்டும். நாம் கொடுக்க வேண்டியது ஒரு சிறிய இசைவு. அடுத்தமுறை சத்திரசிகிச்சைக்கு முன்னதாக ஓர் இளம் வைத்தியர் கட்டிலருகே வந்து, நிபுணரின் மேற்பார்வையில் நான் செய்வதற்குச் சம்மதமா என்று கேட்கும்போது, கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டு, மனம் தெளிந்து, 'செய்யுங்கோ பிள்ளை' என்று சொல்வோம். பட்ட கடனில் எமது பங்கு அவ்வாறே தீரும்.